வராந்தா நாற்காலியில் நான்

என் கணவர் கர்ட்டிஸுக்கு வானம் தெரியும். அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். ஓக்லஹோமாவில் பிறந்த எந்த ஆண்பிள்ளையும் அதைத்தான் சொல்வான். சூறாவளி அபாயச் சங்கு ஊதினால் எங்கள் தெருப் பெண்கள் நாங்கள் குழந்தைகளோடு நிலத்தடிப் பதுங்கறைக்கு இறங்குவோம். ஆண்கள் வானம் பார்க்க நாற்காலியோடு வராந்தாவுக்கு வருவார்கள்.

நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். மணி அடித்தால் எழுந்து வரிசையில் நிற்பேன். எங்கள் குழந்தை ஜோசி பிறந்தபிறகு கெட்டில் விசிலடித்தாலே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். கராஜ் தரைக்கு அடியில் எங்கள் இரும்புப் பதுங்கறை. தண்ணீர், டயப்பர், ஹெல்மெட் எல்லாம் அதில் தயார். கர்ட்டிஸ் ஒருவர்தான் பாக்கி.

"கர்ட்டிஸ், வாட்ச்னா சூறாவளி வர்றதுக்கு வானம் தோதா இருக்குன்னு அர்த்தம். தயாரா இருக்கணும். வார்னிங்னா வந்தாச்சு. உடனே இறங்கணும்."

"எல்லாம் ஒண்ணுதான் மோரின். டிவிக்காரன் கத்தறதுக்கு ரெண்டு பேரு."

"தெரிஞ்சுக்கிட்டா என்ன?"

"எதுக்கு? எங்கப்பா முழங்கால் வலிய வச்சே சொல்லிடுவார்."

"அந்த முழங்கால் குழந்தையத் தூக்கிட்டு ஓடுமா?"

மே மாதத்து மத்தியானம் ஒன்றில் வானம் பச்சையாகிப் போனது. வானிலை ரேடியோ அலறியது. வாட்ச். கர்ட்டிஸ் நாற்காலியை வராந்தாவில் விரித்துப் போட்டு, பக்கத்து வீட்டு ராய்ஸுக்குக் குரல் கொடுத்தார். பதில் இல்லை. ஐஸ் டீ எடுக்க உள்ளே வந்தார். ஜோசிக்கு ஹெல்மெட்டை மாட்டி அவளை அவர் கையில் கொடுத்தேன். டீயை எடுத்துக்கொண்டு போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன பண்றே?"

"வானம் பாக்கறேன்."

"உள்ள வா."

"நீங்க மட்டும்தான் ரசிக்கணுமா?"

"ரேடியோ கத்துது மோரின்."

"கத்தட்டும். அவங்களுக்கு வேற வேலை என்ன?"

"விளையாடாதே. குழந்தைக்கு அம்மா வேணும்."

"அப்பா வேண்டாமா?"

ஜோசி அவர் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் வேணும்" என்றார், குரல் இறங்கி. "எழுந்திரு, தாயே."

"முன்னால நீங்க இறங்குங்க. பின்னாலேயே வரேன்."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். அவர் பதுங்கறை மூடியை இழுத்துச் சாத்தி, நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தியா, நான் இல்லேன்னா உன் கதி என்ன?"

கொஞ்ச நேரம் கழித்து, வெளியே சங்கு ஊத ஆரம்பித்தது.

"இது என்ன?"

"இதுதான் வார்னிங்."

"அப்ப முதல்ல கத்தினது?"

"வாட்ச். வராந்தாவுல உக்கார என் தைரியம் அதுவரைக்கும்தான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தலைக்கு மேல் சரக்கு ரயில் ஓடுவது போல ஒரு இரைச்சல். மூடி கடகடவென்று அதிர்ந்தது. எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவர் நெஞ்சு என்னுடையதைவிட வேகமாக அடித்தது.

ஏறி வந்து பார்த்தால், வராந்தாவின் மேல் எங்கள் பீக்கன் மரம் படுத்திருந்தது. அடியில் அந்த நாற்காலி அப்பளமாகியிருந்தது. அதன் உடைந்த கால் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டு ராய்ஸ் வந்ததும் அவனிடம் சொன்னார்.

"நான்தான்டா இவள அதட்டி உள்ள இறக்கினேன். வராந்தாவுல வந்து உக்காந்துட்டா."

ராய்ஸ் தலையைச் சொறிந்தான்.

"அதிசயமா இருக்குடா. என் பொண்டாட்டி டார்லாவும் இன்னைக்குன்னு பாத்து என் நாற்காலியில போய் உக்காந்துட்டா."

கர்ட்டிஸ் மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் வானம் பார்த்துக்கொண்டிருந்தேன்.