கொக்கி உடைக்கும் படிப்பு

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே அனைவரும் நலம், அங்கே உன் வீட்டாரின் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. உன் அக்கா நலம். முழங்கால் வலி பழையபடி இருக்கிறது. உன் மருமகளும் நலம். நலமில்லாதவன் நான் ஒருவன்தான், அதற்குக் காரணம் நீ. மரியாதையாக எழுத வேண்டும் என்று உன் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள், ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் மெக்கானிக்கல் படித்து முடித்த சமயத்தில் நீ வந்தாய். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு, இயக்கவியலையும் கணினியையும் சேர்த்து ஒரு மேற்படிப்பு இருக்கிறது, அதைப் படித்தால் ஆராய்ச்சிக்கும் போகலாம், வேலைக்கும் போகலாம், விமானம் செய்கிறவன் முதல் செயற்கை மூட்டு செய்கிறவன் வரை வாசலில் வந்து நிற்பான் என்று அளந்தாய். அவளும் உன்னை நம்பி அதையே படித்தாள். வணிகவியல் வாத்தியாரான உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அன்றைக்கே கேட்கத் தோன்றவில்லை எனக்கு. வாசலில் இதுவரை வந்து நின்றது கீழ்வீட்டு அம்மாள் மட்டும்தான். அவள் வீட்டுத் துணி துவைக்கும் மெஷின் சுற்றும்போது குளியலறையை விட்டு நடந்து வெளியே வந்துவிடுகிறதாம், மெக்கானிக்கல் படித்த பெண் கொஞ்சம் பார்க்கக் கூடாதா என்றாள். இவளும் போனாள். ஒரு மத்தியானம் முழுக்கக் கணக்குப் போட்டு, அது எந்த வேகத்தில் ஏன் நகர்கிறது என்று படம் வரைந்து காட்டினாள். "அது சரிம்மா, நிக்குமா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். மெஷின் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மாடிப்படியில் என்னைப் பார்த்தால் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஆராய்ச்சி என்னவென்று கேள். கிரேன் கொக்கி. பாரம் ஏற ஏற அது எந்த இடத்தில் விரிசல் விட்டு உடையும் என்று கணினிக்குள்ளேயே பார்ப்பது. சர்வீஸ் முழுக்க அப்படி ஒரு கொக்கிக்குப் பக்கத்தில் நின்றவன் நான், ஒரு நாளும் உடைந்ததில்லை. என் வீட்டில் தினம் உடைகிறது, அதுவும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கலர் கலராக. உடைந்தால் அவளுக்குச் சந்தோஷம், உடையாவிட்டால் சாப்பிட வரமாட்டாள். ஒரு கணக்கு முடிய நாள் கணக்கில் ஆகுமாம், அதுவரை அந்தப் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். போன வாரம் அவள் நூலகத்துக்குப் போயிருந்தாள். அறையில் ஆள் இல்லை, மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவன், மச்சான். பக்கத்தில் ஆள் இல்லாமல் லேத் ஓடினால் முதலில் அதை நிறுத்துவேன், பிறகு ஆளைத் தேடிப் பிடித்து மெமோ கொடுப்பேன். கை தானாகப் போயிற்று, சுவிட்சை அணைத்தேன். திரும்பி வந்தவள் அழவில்லை, திட்டவில்லை, இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அந்த வசதிகூட எனக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் வேலைக்கான நேர்காணலே அந்தக் கணக்கை வைத்துத்தான் என்று அப்புறம் உன் அக்கா சொல்கிறாள். இதை முன்பே என்னிடம் சொல்லித் தொலைத்தால் என்ன?

நேர்காணல் எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே, கணினி வழியாக நடந்தது. தும்மக்கூடக் கூடாது என்று உத்தரவு போட்டு என்னைச் சமையலறையில் உட்கார வைத்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் மூன்று பேர். கணக்கு ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டார்கள். மின்சாரம் போய்விட்டது என்றாள் இவள். எனக்காகப் பொய் சொல்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போட்டிருந்த பனியனோடு போய் அவள் பின்னால் நின்றேன். "கரன்ட் எல்லாம் போகலைங்க, நான்தான் அணைச்சேன். ஆள் இல்லாம மெஷின் ஓடலாமா?" மூன்று பேரும் சிரித்தார்கள். தங்கள் இடத்தில் வாரக்கணக்கில் அப்படித்தான் ஓடும் என்று ஒரு பெண்மணி எனக்கு விளக்கம் வேறு. பிறகு, பாதிக் கணக்கை வைத்து என்ன செய்தாய் என்று இவளைக் கேட்டார்கள். நின்ற இடம் வரை வந்த விடையை எடுத்து, மீதியைக் காகிதத்தில் கையால் போட்டு, எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்றும் பிரித்து வைத்திருந்தாள். அப்புறம் நால்வரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நிற்கிற மனிதனை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

நேற்று வேலை உத்தரவு வந்துவிட்டது. ஆராய்ச்சி வேலை, விமானம் ஏறிப் போக வேண்டிய தூரம். நானோ என் பழைய தொழிற்சாலையில், மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பராமரிப்புப் பிரிவில் அவளுக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். நடந்தே போகலாம், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். நேற்று சாப்பிடும்போது அதில் சேரச் சொல்லிக் கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டாள். அவள் போய்விட்டால் நானும் உன் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவா? நீ இழுத்துவிட்ட வினையை நீதான் தீர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து, போக வேண்டாம் என்று அவளிடம் சொல். உன் பேச்சுதான் அவளுக்கு வேதவாக்கு.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களாவது உன் யோசனையிலிருந்து தப்பிப் பிழைக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத,
உன் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவள் வந்தாள். தொழிற்சாலையிலேயே சேர்ந்துகொள்வதாகவும், நேர்காணல் செய்தவர்களுக்கு வரவில்லை என்று எழுதிவிடப் போவதாகவும் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "நீங்க கேட்டீங்களேப்பா" என்றாள். இது என்ன கூத்து, மச்சான்? நான் கேட்டால் உடனே சரி என்றுவிடுவதா? இதற்கா இவ்வளவு படித்தாள்? கிளம்பு என்று கத்திப் பார்த்துவிட்டேன், அசைய மாட்டேன் என்கிறாள், எல்லாம் உங்கள் குடும்பத்துப் பிடிவாதம். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே, இதைப் பார்த்ததும் புறப்பட்டு வா. மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு, எப்படியாவது பேசி அவளைப் போகச் சொல். விமானம் ஏற்றிவிட்ட கையோடு நீயும் ஊருக்குக் கிளம்பிவிடாதே. கொஞ்ச நாள் எங்களோடு இரு.