வைத்தீஸ்வரனின் தனி நடை

வைத்தீஸ்வரன் வாசற்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் திரும்பினால், எதிரே பக்கத்து வீட்டுச் செல்லப்பா குடையோடு நிற்கிறார்.

"நடக்கவாக்கும்? நானும் வரேன் மாமா."

போச்சு, இன்றைக்கும் போச்சு. மிளகு கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றதிலிருந்து வைத்தீஸ்வரனுக்குத் தூக்கம் கிடையாது. புளி கரைப்பது முதல் பால் காய்ச்சுவது வரை எல்லாவற்றிலும் குற்றம் கண்டு எரிந்து விழுந்தார். கடலோரமாகத் தனியே நடந்தால் மனசு தெளியும் என்று அவருக்கே தோன்றியது. மனைவி கமலாக்ஷியும் "தாராளமா போங்கோ" என்றாள்.

முதல் நாள் தனியாகத்தான் கிளம்பினார். தெருமுனை தாண்டுவதற்குள் ரசத்துக்குப் பெருங்காயம் போட்டாளோ என்ற கவலை வந்து திரும்பிவிட்டார். மறுநாளிலிருந்து இந்தச் செல்லப்பா.

ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை வரை செல்லப்பா தன் வாயுத் தொல்லையைப் பற்றியே பேசினார். அலை அடித்ததா என்றுகூட வைத்தீஸ்வரனுக்குத் தெரியாது.

அடுத்த நாள், மௌன விரதம் என்று சைகை காட்டினார். செல்லப்பாவுக்குப் பரம சந்தோஷம். குறுக்கே பேச ஆளில்லாததால் கதை பித்தப்பை வரை போயிற்று.

அதற்கடுத்த நாள், துக்கம் விசாரிக்கப் போவதாகச் சொன்னார். எதிர்வீட்டு வெங்கிட்டுவும் சேர்ந்துகொண்டார்.

"சாவு வீட்டுக்குத் தனியா போகப்படாது மாமா. போனது யாராக்கும்?"

"ஒரு பழைய சிநேகிதர்."

சொன்ன பொய்க்கு வீடு தேட வேண்டுமே. சந்து சந்தாக அலைந்து, வாசலில் நாற்காலி போட்டிருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்து, மூவரும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள். தட்டில் லட்டு வந்தது. நிச்சயதார்த்த வீடு.

"நல்ல சாவு மாமா" என்று வெங்கிட்டு இரண்டாவது லட்டை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் படகுத்துறையில் வைத்தீஸ்வரன் பொறுமை இழந்தார். எதிரே இருக்கும் வைப்பின் தீவுக்குப் போகும் படகு நகரத் தொடங்கியதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே தாவு. செல்லப்பாவும் வெங்கிட்டுவும் கரையிலேயே நின்றுபோனார்கள்.

வைப்பின் கரையில் ஆளில்லை. சேற்றில் நின்ற கொக்கு ஒன்று அவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மீன் தேடப் போயிற்று. அந்தக் கொக்கின்மேல் அவருக்கு அப்படியொரு பிரியம் வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலைநுனியில் நடந்தார். தூறல் போட்டது, ஒதுங்காமல் நனைந்தார். பெருங்காயத்தின் நினைவே வரவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தார்.

வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்பினார். கமலாக்ஷியின் முகத்திலும் ஒரு தெளிச்சம். காப்பி நன்றாக இருந்தது. கல்யாணமான நாளாக இல்லாத வழக்கமாக, அதை வாய்விட்டும் சொன்னார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் தெரு காலி. செல்லப்பா தன் வீட்டு வாசலில் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வைத்தீஸ்வரனுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"என்ன செல்லப்பா, நடக்க வரலையா?"

"இல்லை மாமா, எங்க ட்யூட்டி முடிஞ்சாச்சு. காலம்பற ஒரு மணி நேரம் வீட்டுக்கு வராம இருக்க மாமா தானாவே பழகிட்டார், இனிமே கூடப்போய்ப் பிடிச்சு வெச்சுக்க ஆள் வேண்டாம்னு மாமி நேத்தே சொல்லிட்டா."