துரைசாணியின் கிளிப்பு

வைரக்கண்ணுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய்யைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஊக்கில் கோத்துப் பனியனுக்குள் குத்திக்கொண்டார்.

மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவருக்குப் பழம்பொருள் பைத்தியம். உடையார்பாளையம், தா.பழூர் பக்கம் எந்த வீட்டில் பரணைக் காலி செய்தாலும் அங்கே நிற்பார். வெள்ளிப் பொடி டப்பி, சங்கிலிக் கடிகாரம், ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் கண்ணாடி, கொம்புப் பிடி போட்ட கைத்தடி, கோட்டுப் பொத்தான்கள். எல்லாம் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின மனிதர்களின் உடம்பில் கிடந்தவை.

"வூட்டுல உசுரோட இருக்கிறது மூணு பேரு. செத்தவங்க அம்பது பேரு," என்பாள் மனைவி மலர்க்கொடி.

"சும்மா இரு. இது சரித்திரம்."

"சரித்திரம்னா அதுவே தூசி தட்டிக்கட்டும்."

இந்தப் பேச்செல்லாம் ஆர்த்தி இருந்தவரை. கல்லூரி கடைசி வருடத்தில் ஒரு காய்ச்சல் வந்து மகளைக் கொண்டுபோய்விட்டது. அவளுடைய துப்பட்டாவை மடியில் வைத்துக்கொண்டு வைரக்கண்ணு சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். காரியம் முடிந்ததும் மலர்க்கொடி துணிமணி, வளையல், செருப்பு அத்தனையையும் மூட்டை கட்டினாள்.

"அவ பொருளு ஒண்ணுகூட இங்க இருக்கக்கூடாதுங்க. கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா நாம எந்திரிக்கவே மாட்டோம்."

தலையாட்டினார். மூட்டை பெரம்பலூரில் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்துக்குப் போனது. போகுமுன் அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவிவிட்டார். தேன் நிறத்தில் ஒரு தலைக் கிளிப்பு.

எங்கே ஒளிப்பது? மலர்க்கொடி கை படாத இடம் வீட்டில் கிடையாது. யோசித்து யோசித்து, ஒளிக்காமலே வைத்துவிட்டார். அலமாரியில் பொடி டப்பிக்கும் கடிகாரத்துக்கும் நடுவில். கீழே ஒரு அட்டை: துரைசாணி அம்மாளின் தலைக் கிளிப்பு, 1870.

"இது என்னங்க புதுசா?"

"கலெக்டர் துரையோட பொண்டாட்டி வச்சிருந்தது. ஆமை ஓடு."

மலர்க்கொடி வெகுநேரம் பார்த்தாள். "நல்ல அடர்த்தியான முடிபோல துரைசாணிக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். அன்றிலிருந்து காலையில் அலமாரியைத் துடைக்கும் சாக்கில் கிளிப்பைக் கையில் எடுப்பார். மெதுவாக அதனோடு ஏதாவது பேசுவார்.

பெரம்பலூரில் இதே பைத்தியம் பிடித்த வேல்முருகன் என்பவர், ஒரு கண்காட்சிக்குப் பொருள் கேட்டு வந்தார். கைத்தடியை மெச்சினார், கடிகாரத்துக்குக் காது கொடுத்தார். பிறகு கிளிப்பை எடுத்தார்.

"சார், இது பிளாஸ்டிக்."

"ஆமை ஓடுன்னுதான் குடுத்தாங்க," என்றார் வைரக்கண்ணு, வேர்த்துப்போய்.

காபி கொண்டுவந்த மலர்க்கொடி, "ஆமை ஓடுதான் தம்பி. எடுத்த எடத்துல வச்சிடுங்க," என்றாள். மனைவி தன் பக்கம் பேசுவது வைரக்கண்ணுக்குப் புதிது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இது தலையில ஏறினதே இல்ல. ஸ்பிரிங் தளரல, ஒரு கீறல் கெடையாது. கடையில வாங்கினபடியே இருக்கு."

ஆர்த்தி அதைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தினமும் வைத்துக்கொண்டவள். வைரக்கண்ணு கிளிப்பை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். புத்தம் புதுசு. வேல்முருகன் எதையெதை எடுத்துக்கொண்டார், எப்போது கிளம்பினார் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"மலரு, இது யாரோடது?"

"ஃபேன்சி ஸ்டோர்ல வாங்குனது. அதே கலருக்குக் கடை கடையா அலைஞ்சேன்."

"சாவி எங்கிட்டல்ல இருந்துச்சி."

"பனியன் யாரு தொவைக்கிறா?"

"எப்ப மாத்துன?"

"நீங்க அட்டை எழுதி வச்ச மறுநாளே."

"அப்ப இத்தன நாளா நான் பேசுனதெல்லாம்..."

"காதுல வுழும்ங்க. அதான் நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் அடுப்படிய விட்டு வரமாட்டேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "நீதான எல்லாத்தையும் குடுத்துடணும்னு சொன்ன."

"சொன்னேன். மூட்டை போன அன்னிக்கே என்னால முடியல. திரும்பப் போயி கேக்க வாய் வரல. இந்த அலமாரியில பாத்தா ஒண்ணு இருந்துச்சி. நாம ரெண்டு பேரு, அது ஒண்ணுதான் இருந்துச்சி."

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். மினுமினுப்பு போய், ஸ்பிரிங் தொளதொளத்து இருந்தது. பல்லிடுக்கில் நீளமாக இரண்டு முடி சுற்றிக் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனார். தேங்காய் எண்ணெய் வாசம் வந்ததா, வந்ததுபோல் இருந்ததா, தெரியவில்லை. மலர்க்கொடி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

பிறகு அவள் கையை நீட்டினாள்.

"இன்னும் செத்த நேரம் வச்சிருக்கேனே."

"குடுங்க," என்றாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பழசுக்குத்தான் ஒங்ககிட்ட ஒரு அலமாரியே இருக்கே."