வெப்பப் புரதத்தைப் பூட்டியவர்

அடுத்தவரைக் காக்கவைத்துவிட்டு ஆற அமரச் சரிபார்க்கிற மனித இனம் ஒன்று உண்டு. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்புகிறார்களே, அவர்கள் அப்பாவிகள். அலைவது அவர்கள் கால்தான். இங்கே பேச்சு மற்ற ரகத்தைப் பற்றி.

நம் பேராசிரியரையே பாருங்களேன். அவருடைய உயிர் ஒரு புரதத்தில் இருக்கிறது. பழுப்புக் கொழுப்புச் செல்களில், மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உட்கார்ந்துகொண்டு, சாப்பிட்ட சாப்பாட்டின் சக்தியைச் சேமிக்கவிடாமல் சூடாக்கித் தீர்க்கும் ஊதாரிப் புரதம். கொழுப்பு அமிலம் வந்தால் வேலையைத் தொடங்கும். நியூக்ளியோடைடு என்ற பொடி மூலக்கூறு வந்தால், பூட்டுப் போட்டதுபோல நிறுத்திவிடும். இதை அவர் விளக்கும் அழகே தனி.

“அது ஒரு வேலையும் செய்யாதுப்பா. நேரா நடுவழியில வந்து உக்காரும். சுத்தியிருக்கிறதையெல்லாம் கெட்டியாப் பிடிச்சுக்கும். அவ்வளவுதான், மொத்த மெஷினும் படுத்துடும்!”

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவருக்கு ‘நியூக்ளியோடைடு சார்’ என்று பட்டப்பெயர் வந்தது அவருக்கு மட்டும் தெரியாது.

அவருடைய மூத்த மாணவி, பூட்டிக் கிடக்கும் அந்தப் புரதத்தின் வடிவத்தைப் பிடித்துவிட்டாள். மாதிரியை உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மங்கல் மங்கலாகப் படமெடுத்து, அவற்றைக் கணினியில் அடுக்கி அடுக்கிக் கண் பூத்துப்போய், கடைசியில் பார்த்தால், நடுக்குழியில் நியூக்ளியோடைடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது! கட்டுரை வெளிவந்தால் அவள் விண்ணப்பித்திருந்த வேலை நிச்சயம். தாமதமானால் அந்த இடம் வேறொருவருக்கு.

“பிரமாதம்மா! எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம்.”

பார்த்தாள். அதேதான்.

“சவ்வுக் கொழுப்பை மாத்தி ஒரு தடவை?”

மாற்றினாள். அதேதான்.

“பூட்டினதை மட்டும் காட்டினா எப்படிம்மா? திறந்து வேலை செய்யறதையும் சேர்த்துப் போட்டாத்தானே கௌரவம்?”

“சார், திறந்தது ஒரு நிலையில நிக்கவே மாட்டேங்குது. அது தனி ஆராய்ச்சி சார்.”

“அதனாலதான் சொல்றேன், அவசரப்படாதே.”

கெட்டவரா? சேச்சே! அவளுக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போகிறவர். தப்பு வந்துவிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம்தான் அவருக்கு. அந்தப் பயத்துக்குப் பொறுப்பு என்று பெயர் சூட்டி வைத்திருந்தார்.

ஒரு நாள் காலையில் ஆய்விதழ் ஒன்றை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். முகமெல்லாம் பல்.

“பாத்தியாம்மா? வேற ஒரு குழு பூட்டின வடிவத்தைப் போட்டுட்டாங்க. நம்ம படத்தோட அச்சு அசலா ஒத்துப்போகுது! இப்பதான் எனக்கு நிம்மதி. இனிமே தைரியமா அனுப்பலாம்.”

“இனிமே எதுக்கு சார்?” என்றாள். “அந்த வேலையை இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டாங்க.”

அவரோ இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? யார் யார் முகமோ நினைவுக்கு வருகிறதா? நல்லது, வரட்டும். உங்கள் முகம் வந்தால் மட்டும் பதற வேண்டாம். ‘பாத்தாச்சா?’ என்று கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு உங்கள் அறைக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று, கொஞ்சம் தலையை நீட்டிப் பாருங்கள்.