ஒயர்சாமியும் தண்ணீர் மோட்டாரும்

மின்விசிறியைப் பெட்டிக்குத் திருப்பி வைத்துவிட்டு, தான் வேர்வையில் குளிக்கிற ஒரே மனிதர் தேனி மாவட்டத்தில் எங்கள் ஒயர்சாமிதான். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்வேன். வேண்டுமானால் நீங்கள் தேடிப் பாருங்கள்.

பெயர் வேறு ஏதோ. கூரியர்காரருக்கு மட்டும் தெரியும். நான் குடியிருக்கும் வீட்டின் மாடியறையில் இருக்கிறார். பகலில் போடியில் ஓர் ஏலக்காய் கடையில் வேலை, மாலையில் மாடுலர் சிந்தசைசர். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு மரப்பெட்டி, அதில் வரிசையாகத் தகடுகள், தகடு நிறையத் திருகுகளும் ஓட்டைகளும். ஒரு தகடு முனகும். இன்னொன்று அந்த முனகலைத் துண்டு துண்டாக நறுக்கும். எது எதோடு பேச வேண்டும் என்பதை ஒயர் சொருகித்தான் சொல்ல வேண்டும். ஆர்மோனியம் மாதிரிக் கட்டைகள் கிடையாது. ஒயர்தான் பாட்டு. பிடுங்கினால் பாட்டு போச்சு. சாமியே நினைத்தாலும் அதே பாட்டு திரும்ப வராது.

பெட்டி சூடேறினால் சுருதி நழுவிவிடும். கம்பம் பள்ளத்தாக்கின் காற்று நேராக வந்து மோதுகிற ஜன்னல் என்பதற்காகவே அந்த அறையைப் பிடித்தார். காற்று இல்லாத மாதங்களில்தான் மேற்படி மின்விசிறி.

அவர் குடிவந்த புதிதில் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. சோப்பு நுரையோடு சுவிட்சுக்கு ஓடினார். சுவிட்சு அணைந்தே இருந்தது. சத்தம் மாடியிலிருந்து வந்த பாட்டு. இப்படிப் பல தடவை ஓடிக் களைத்த பிறகு, "அது நம்ம சாமி" என்று எல்லோரும் பழகிக்கொண்டோம். பழகியதுதான் தப்பு. ஒருநாள் நிஜமாகவே மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடியது. "இன்னைக்குக் கொஞ்சம் நல்லாருக்கே" என்று நான்கூடச் சொன்னேன். புகை வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

வீட்டுக்காரரின் மனைவி பாண்டியம்மா அக்கா மாடிக்கு ஏறினார்.

"மோட்டாரு கருகுற வரைக்கும் கேட்டுக்கிட்டா இருந்தீக?"

"ஆமாக்கா. யாரோ நம்மள விட நல்லா வாசிக்கிறாகளேன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் அக்கா. குறுக்கே வந்தது அவர் மகள் செல்வி. ஆண்டிபட்டியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்த நேரம். ரிசப்ஷனுக்கு மாடி அண்ணன்தான் வாசிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"வாசிக்கட்டும்," என்றார் அக்கா. "சம்பந்தகாரக முன்னால மானம் போச்சுன்னா, மறுநாளே பெட்டியத் தூக்கிரணும்."

இந்தச் சத்தத்தை நம்பி வேறு யார் அறை கொடுப்பார்கள்? கொடுத்தாலும் அந்தக் காற்று கிடைக்குமா? சாமி ராப்பகலாக ஒயர் சொருகினார். திருகை மயிரிழை நகர்த்துவார், கேட்பார், பழையபடி வைப்பார். எனக்கே பிடிக்கிற மாதிரி ஒரு பாட்டு உருவாகிவிட்டது. அதை அப்படியே, ஒரு ஒயரும் கழலாமல், மண்டபத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாமி போடிக்குப் போயிருந்தார். மாடியறையில் விருந்தாளிகள் தங்க வேண்டுமே என்று அக்கா கூட்டிப் பெருக்கினார். பெட்டியைத் துடைத்தார். ஒயரையெல்லாம் பிடுங்கி, கலர் வாரியாகச் சுருட்டி, பூக்கட்டும் நாரால் முடிந்து வைத்தார். சிக்கு எடுத்துக் கொடுத்த திருப்தி அவருக்கு.

சாமி வந்து பார்த்தார். முடிச்சுகளைத் தடவினார். "நல்லா சுத்தி வச்சிருக்கீகக்கா," என்றார். அவ்வளவுதான். நடந்தது என்ன என்று அக்காவுக்கு நான்தான் விளக்கினேன். வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மேடையில் மொட்டைப் பெட்டி. சாமி குனிந்து ஒவ்வொரு ஒயராகச் சொருகுகிறார். சத்தமே வரவில்லை. மாப்பிள்ளையின் மாமா, கரண்டு வேலைக்கு வந்தவர் என்று நினைத்து மேடையேறி, "ஃபால்ட்டு அப்புறம் பாக்கலாம் தம்பி, போயி சாப்பிடுங்க" என்றார். சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அக்கா மேடையேறி, மிச்சமிருந்த ஒயர் கட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எந்தக் கலரு?"

"மஞ்ச."

சொட்டென்று ஒரு சத்தம், தொட்டியில் தண்ணீர் விழுவதுபோல. பச்சை கேட்டார். சொட்டு தாளமானது. சிவப்பு வந்ததும், அடியிலிருந்து எழும்பியது எங்கள் மோட்டார். கருகிப்போன அதே மோட்டார். வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எழுந்து சுவிட்சைத் தேடினார். செல்வி மாலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளைக்குக் காரணம் தெரியாது, அவளைப் பார்த்து அவரும் சிரித்தார். அதன்மேல் நீல ஒயரில் ஒரு மெட்டு ஏறியது பாருங்கள், மண்டபமே சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா கேட்காமலே அடுத்த ஒயரை நீட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் சம்பந்தி கேட்டார்: "இவுகள எங்க ஊருக்கு அனுப்புவீகளா?"

"அதெல்லாம் தோதுப்படாது. எங்க வீட்டுப் பிள்ளை, காத்து இல்லாட்டி ஒத்துக்கிடாது," என்றார் அக்கா.

அந்தப் பெட்டி ஒயரோடு அப்படியே மாடிக்குத் திரும்பியது. இப்போது யாரும் அதைத் தொடக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு. சாமிக்கும் சேர்த்துத்தான். வேறு வழியில்லாமல் புதுப் பாட்டுக்கு இன்னொரு பெட்டி செய்துகொண்டிருக்கிறார்.

என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை இன்னும் அமையவில்லை. ரிசப்ஷனுக்கு வாசிக்க ஆள் சொல்லியாகிவிட்டது.