ஒட்டுதா, இல்லையா?

"என்னடி, ஒட்டுதா இல்லையா?" என்று அக்கா போனில் கேட்டாள்.

"ஒட்டலைக்கா. சுத்தமா ஒட்டலை."

ஒரு பசைக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் நின்றுகொண்டு யாரும் சொல்லக் கூடாத வார்த்தை அது. பசை ஒட்டுகிறதா என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள் சொல்லவே கூடாது. ஆனால் அவள் பசையைச் சொல்லவில்லை. வேலையைச் சொன்னாள்.

நேற்று சாப்பிடும்போதுதான் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டியிருந்தாள். வேதியியல் படித்தது எதையாவது கண்டுபிடிக்கலாம் என்று. செய்வதோ இரண்டு கட்டைகளை ஒட்டுவது, பிய்ப்பது, மறுபடி ஒட்டுவது. வேலையில் மனசு ஒட்டவில்லை. சரி, சாயங்காலமாவது தனக்கென்று இருக்கட்டும் என்று நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். தினமும் கிளம்புகிற நேரம் பார்த்து கடைசித் தொட்டிப் பசை வந்து நிற்கும். நீச்சல் கண்ணாடி உறைகூடப் பிரிக்காமல் கைப்பையில் கிடந்தது. "நாளைக்கும் வரலைன்னா உங்க இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்று நேற்று நீச்சல் மாஸ்டர் போனில் சொல்லிவிட்டார்.

ஆகவே இன்றைக்கு மேனேஜரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லப் போகிறாள். "சார், நான் வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்." குளியலறைக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தாயிற்று. அந்தப் பரபரப்பில்தான் காலையில் தாமதமாகி, பஸ்ஸை விரட்டிக்கொண்டு ஓடி, செருப்பு வார் பிய்ந்து, அக்காவின் தையல் கடை வாசலில் ஊக்கு வாங்கிக் குத்திக்கொண்டு, எப்படியோ தொற்றி ஏறினாள்.

"ஒட்டலைன்னா விட்டெறி," என்றாள் அக்கா. பின்னால் தையல் மெஷின் கடகடத்தது. "ஒட்டாததை எதுக்குக் கட்டி இழுக்கிற?"

"திடீர்னு எப்படிக்கா விடறது?"

"திடீர்னா? நானும்தான் பார்த்துக்கிட்டே இருக்கேனே. ஒரு பக்கமாத் தேஞ்சு போய், பார்க்கவே பாவமா இருக்கு."

தான் தேய்ந்து போனதை அக்கா கவனித்திருக்கிறாள்.

"அம்மா என்ன சொல்வாங்களோ?"

"அம்மாவா? ஒரே வருஷத்துல மூணு மாத்தினவங்க அவங்க. உன் அளவுக்குப் பொருத்தமா ஒண்ணு கிடைக்காமலா போயிடும்? போன வை, பிளவுஸ் வாங்க ஆள் வந்திருக்கு."

அம்மா வேலைக்குப் போனதாகவே அவளுக்குத் தெரியாது. ஒரு வருஷத்தில் மூன்று வேலை! அந்த அம்மாவின் மகள் ஒன்றை விடுவதற்கு இப்படி நடுங்குகிறாளே என்று தன்மேலேயே கோபம் வந்தது. வெள்ளை அங்கியைச் சரிசெய்துகொண்டு மேனேஜர் அறைக்குப் போகத் திரும்பினாள்.

வாசலில் மூடி அக்கா நின்றிருந்தார். பசை டப்பாக்களுக்கு மூடி அழுத்துகிறவர். கையில் மாதிரி டப்பா. முகத்தில் ரத்தமே இல்லை.

"சுத்தமா ஒட்டலையா?"

"ஐயோ, அது இல்லக்கா…"

அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்காது. பேக்கிங் பிரிவில் அவளுக்கு 'சைலன்சர்' என்று பெயர். மூடி அக்காவோ ஒலிபெருக்கி இல்லாமலே அறிவிப்புச் செய்யக் கூடியவர். "ஒட்டலையாம்! மூடாதீங்க! யாரும் மூடாதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

மெஷின் நின்றது. அந்தக் கட்டடத்தில் அவ்வளவு அமைதியை அவள் கேட்டதே இல்லை.

சூப்பர்வைசர் மூச்சிரைக்க வந்தார். "எந்தத் தொட்டிம்மா?"

இது வேறு விஷயம் என்று சொல்லலாம். அப்புறம், எந்த விஷயம் என்று கேட்பார். வாசலில் பேக்கிங் பிரிவே கூடி நின்றது. அத்தனை பேர் முன்னால் மனசைப் பற்றிப் பேச அவளால் முடியாது.

"ஒட்டும் சார்," என்றாள்.

"ஒட்டும்னா? ஒட்டுதா, இல்ல இனிமேதான் ஒட்டுமா?"

"ஒட்டலாம் சார்."

"ஒட்டலாமா!" சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "டப்பாவுல 'உறுதியாக ஒட்டும்'னு போட்டு வித்துக்கிட்டிருக்கோம். 'ஒட்டலாம்'னு போட்டா எவன் வாங்குவான்?"

"ஒட்டாம இல்ல சார்."

"புரியற மாதிரி சொல்லுங்கம்மா. உங்க பதில்ல எனக்குத் தலை சுத்துது."

எல்லாத் தொட்டியையும் சோதித்துவிடுவது என்று அவரே முடிவு செய்தார். தொட்டிக்குத் தொட்டி பசை எடுத்து, கட்டைகளை ஒட்டி, இறுக்கி, உலர்த்தும் பெட்டியில் வைத்தாள். காய்ந்ததும் கொக்கியில் மாட்டி இழுத்தார்கள். எல்லாம் ஒட்டியிருந்தது. ஒரு கட்டை உடைந்தேபோனது, ஆனால் பசை விடவில்லை.

இதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். சூப்பர்வைசருக்குப் பயம்தான் கூடியது.

"எல்லாம் ஒட்டுதே! அப்புறம் ஏன் ஒட்டலைன்னு சொன்னீங்க? காரணம் இல்லாம வாயைத் திறக்கிற ஆள் இல்லையே நீங்க. மாசத்துக்கு ஒரு தடவை பேசுறீங்க, அதுலயும் இதைச் சொல்லியிருக்கீங்க. நான் மேனேஜரைக் கூப்பிடுறேன்."

மேனேஜர் வந்தார். நல்ல மனிதர், காது மட்டும் கொஞ்சம் மந்தம். அவர் வருவதற்கும் கம்ப்ரஸர் உறுமத் தொடங்குவதற்கும் சரியாக இருந்தது.

"பயப்படாம சொல்லும்மா. எது ஒட்டலை?"

இவரிடம்தானே சொல்ல வேண்டும்? அவரே தேடி வந்து கேட்கிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மனசு சார்."

"என்னது?"

"மனசு ஒட்டலை சார்."

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். "மரம் ஒட்டலையாம்."

"மரமா?" சூப்பர்வைசர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நாம பசையைப் பார்த்துக்கிட்டிருக்கோம். கோளாறு மரத்துல! அந்த நாற்காலிக் கடைக்காரர் டப்பா டப்பாவாத் திருப்பி அனுப்பினாரே, ஞாபகம் இருக்கா சார்? ஒட்டவே மாட்டேங்குதுன்னு?"

"நாம பசை நல்லாத்தான் இருக்குன்னு அவர்கிட்ட சண்டை போட்டோம்."

"இந்தப் பொண்ணு இத்தனை நாளா அதையே யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கு சார்! அதான் பேசவே மாட்டேங்குது."

அவள் கையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மதியத்துக்குள் பரிசோதனைக் கூடம் மரக்கடையாகிவிட்டது. நாற்காலிக் கடைக்காரர் தன் பட்டறையிலிருந்து வகைவகையாகத் துண்டுகளை அனுப்பிவைத்தார். கூடவே ஒரு தச்சரும் வந்தார். மேஜை, ஸ்டூல், ஜன்னல் விளிம்பு, எங்கும் மரம். அவளுடைய கைப்பை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இந்தக் கட்டைகளுக்கு நடுவிலிருந்து சாயங்காலம் தப்பிப்பது நடக்காத காரியம் என்று தோன்றியது. அழுகை வரும்போல இருந்தது. அழுவதற்கும் இடம் இல்லை.

சரி, சீக்கிரம் முடித்துத் தொலைப்போம் என்று ஆரம்பித்தாள். ஒட்டினாள், இறுக்கினாள், உலர்த்தினாள், இழுத்தாள். ஒன்று ஒட்டியது. அடுத்ததும் ஒட்டியது. தேக்குத் துண்டு கொக்கியில் மாட்டுவதற்கு முன்பே கையோடு பிரிந்து வந்தது.

அவள் நின்றாள்.

பிரிந்த பரப்பைத் தடவிப் பார்த்தாள். பசை முழுக்க ஒரு பக்கமே இருந்தது. மறுபக்கம் வழவழவென்று துடைத்துவிட்டதுபோல் இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். எண்ணெய் வாசம்.

"அண்ணா, இதுக்கு ஏதாவது பூசினீங்களா?"

"ஒண்ணும் பூசலையேம்மா," என்றார் தச்சர். "அதுவா கசியும். இழைச்சு வெச்சா அடுத்த நாளே மேல ஏறி நிக்கும்."

"இழைச்ச உடனே ஒட்டுவீங்களா?"

"எங்க நேரம்? மொத்தமா இழைச்சு அடுக்கிருவோம். ஒரு வாரம் கழிச்சுத்தான் ஒட்டுறது."

அப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஒரு துண்டை உப்புத்தாளால் தேய்த்தாள். ஒன்றை ஸ்பிரிட்டில் துடைத்தாள். ஒன்றைத் தேய்த்துத் துடைத்தாள். ஒன்றை வேண்டுமென்றே அப்படியே விட்டாள். தச்சரை விரட்டினாள். "அண்ணா, நல்லா இறுக்குங்க! இன்னும்! அட, பலமாத்தான் பிடிங்களேன்!" யாரோ சத்தம் போடுகிறார்கள் என்று நினைத்தாள். அது அவள் குரல்தான். வாசலில் நின்ற மூடி அக்கா, "சைலன்சர் பிச்சுக்கிச்சு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

தேய்த்துத் துடைத்த துண்டு ஒட்டியது. கொக்கியில் தச்சர் தன் முழுக் கனத்தோடும் தொங்கினார். அசையவில்லை.

"ஒட்டுது!" என்று கத்தினாள்.

மேனேஜருக்கே கேட்டது. ஓடி வந்தார். தொங்கிக்கொண்டிருந்த தச்சருக்கு அப்படியே கை கொடுத்தார். நாற்காலிக் கடைக்காரரைப் போனில் பிடித்து, மரத்தைத் தேய்த்துத் துடைத்துவிட்டு உடனே ஒட்டச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நிஜமாவே ஒட்டுதாம்மா?"

"ஒட்டுது சார்," என்றாள். சொல்லிவிட்டு ஒரு கணம் யோசித்தாள். பசையைத் தவிர இன்னொன்றும் ஒட்டியிருந்தது.

ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. வேலை முடியும் சங்கு ஊதியது. நீச்சல்!

"சார்…"

"சொல்லும்மா."

ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அங்கே அதற்கு வேலை இல்லை என்று தெரிந்து திரும்பிப் போனது. வேறொன்று வெளியே வந்தது.

"சார், நான் நீச்சல் கத்துக்கணும்."

மேனேஜர் அவளையும் பசைத் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுலயா?"

"தண்ணியில சார். தினமும் சங்கு ஊதினதும் போகணும்."

"போயேன்மா. யாரு உன்னைப் பிடிச்சு வெச்சா?"

"கடைசித் தொட்டி வருமே சார்?"

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் பாவமாகக் கையை விரித்தார்.

"அவங்க தினமும் போகாம நிக்கறாங்களேன்னுதான் சார் நான் அந்தத் தொட்டியை அனுப்புறேன். இல்லைன்னா காலையில பார்த்தாப் போதும். அவங்க எப்பக் கிளம்புவாங்கன்னு பார்த்துப் பார்த்து நானும் வீட்ல திட்டு வாங்குறேன்."

"தொட்டி வருதேன்னுதானே சார் நான் நின்னேன்?"

"நீங்க நிக்கறீங்களேன்னுதானேம்மா தொட்டி வந்துச்சு?"

மேனேஜர் சிரித்தார். "ரெண்டு பேரும் நல்லா ஒட்டிக்கிட்டீங்க. முதல்ல கிளம்புங்க."

கைப்பையை ஒரு பலகைக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடினாள். வழியில் ஊக்கு கழன்றுகொண்டது. பொருட்படுத்தவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து, வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தபடி நீச்சல் குளத்து வாசலை அடைந்தாள். உள்ளே மாஸ்டரின் விசில் கேட்டது. வகுப்பு அப்போதுதான் தொடங்குகிறது.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு காகிதப் பையோடு. இன்றைக்கு அவள் எங்கே வருவாள் என்பது அக்காவுக்குத் தெரியும்.

"அக்கா, கோவிச்சுக்காத. நீ சொன்னதுக்காகத்தான் அவ்வளவு தைரியமாப் போனேன். ஆனா விடலை. விட மனசு வரலை."

"அதான் பார்த்தாலே தெரியுதே," என்றாள் அக்கா. "பிடிவாதக்காரி. இன்னும் எத்தனை நாளைக்கு?"

"ரொம்ப நாளைக்கு. இப்ப நல்லா ஒட்டிடுச்சு."

அக்கா நம்பாமல் அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். உள்ளே மறுபடி விசில் ஊதியது. அவள் நீச்சல் கண்ணாடியின் உறையைப் பல்லால் கிழித்தாள். கிழித்தபடியே திரும்பிக் கேட்டாள்.

"ஆமா, அம்மா ஒரே வருஷத்துல மூணு மாத்தினாங்கன்னு சொன்னியே, அதெல்லாம் என்ன வேலைக்கா?"

அக்கா பைக்குள் கைவிட்டு ஒரு புது ஜோடியை எடுத்து அவள் காலடியில் போட்டாள்.

"வேலையா? நான் செருப்பைச் சொன்னேன்டி!"