சேற்று வயல், தகனினி

ஒக்லாந்தின் தெற்கே தகனினியில் வீடு வாங்கிய அத்தனை பேரையும் ஒருமுறையாவது அழவைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அயர்லாந்து அண்ணை. ஆள் அசல் யாழ்ப்பாணம். அயர்லாந்துக் கிராமமொன்றின் பால் தொழிற்சாலையில் எட்டு வருஷம் வேலை செய்துவிட்டு இங்கே நியூசிலாந்துக்கு வந்தவர். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால், கேக் வெட்டுமுன் அயர்லாந்துக் கமத்தின் சரித்திரம் தொடங்கிவிடும்.

"அங்க ஒவ்வொரு வயலுக்கும் பேர் இருந்தது. பிறகு வேலியளை இடிச்சுப் பெரிய வயலாக்கினாங்கள். பேர் மட்டும் வயசாளியளின்ர வாயில மிஞ்சிக் கிடக்கு. இங்க என்ன, லொட் நம்பர்."

அதோடு விட்டாரா? எங்கள் வீடுகள் எழும்புமுன் இது குதிரை மேய்ந்த நிலம். அந்தக் குதிரைகளை வைத்திருந்த கிழவரைத் தேடிப்பிடித்து, பழைய பெயர்களைக் கேட்டு, பலகையில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி வாசலுக்கு வாசல் நட்டார். டொக்டர் வீட்டுக்கு 'நொண்டிக் குதிரை வயல்'. டொக்டர் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. எங்களுக்கு 'சேற்று வயல்'.

அந்த நேரம் பார்த்து என் மனைவி ரேவதிக்கு நகரின் மறுகோடியில், கிளென்ஃபீல்டில் வேலை கிடைத்தது. தினமும் மோட்டர்வேயில் கிடந்து அவள் அரைவாசியாகிவிட்டாள். வீட்டை விற்றே ஆகவேண்டும். முதலில் பார்க்க வந்தது ஒரு மலேசியத் தமிழ்ச் சோடி. பலகையடியில் நின்றுவிட்டார்கள்.

"என்னாங்க இது, மழ பேஞ்சா தண்ணி நிக்குமா?" என்றார் கணவர்.

நான் வாய் திறக்குமுன் வேலிக்கு அப்பாலிருந்து அண்ணை பதில் சொன்னார்: "ஓம் தம்பி, முழங்காலளவு நிக்கும்."

கார் போய்விட்டது. ரேவதி அழுதாள். நான் அண்ணையிடம் சண்டைக்குப் போனேன்.

"நாங்கள் உங்களுக்கு என்ன குறை வைச்சனாங்கள்?"

"பலகையைக் கழட்டலாம். தண்ணி நிக்கத்தானே போகுது. அந்தப் பிள்ளையள் பிறகு எங்க போறது?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை மண்வெட்டியோடு வந்து நின்றார். "அங்க சேத்து நிலத்தை இப்பிடித்தான் காயவைச்சவை" என்று வாய்க்கால் வெட்டி, கல் நிரப்பி, மண் போட்டு மூடினார். நானும் ரேவதியின் ரோஸ் நிற மழைப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மூன்று சனிக்கிழமை வெட்டினேன். தெருவே வந்து பார்த்துச் சிரித்தது. அடுத்த பெருமழையன்று அண்ணையே அந்தச் சோடியைக் கூப்பிட்டு வளவைக் காட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. வாங்கிவிட்டார்கள்.

நாங்கள் வெளிக்கிடும் நாள், அவர் பழைய பலகையைப் பிடுங்கிப் புதியதொன்றை அடித்துக்கொண்டிருந்தார். 'ரேவதி வயல்.'

"விட்டிட்டுப் போனவையின்ர பேரையும் அங்க வயலுக்கு வைக்கிறவை" என்றார், எங்கள் முகத்தைப் பாராமல்.

கிளென்ஃபீல்ட் வீட்டு வாசலில் இன்னும் பலகை இல்லை. நொண்டிக் குதிரை என்று வைத்தாலும் பரவாயில்லை, அண்ணை ஒருக்கால் வந்தால் போதும்.